கன்ட்ரோல் பேசுகிறேன்

ரேடியோக்காரன் வீட்டு மொட்டை மாடியில் துணி காயப்போட இடம் இருக்காது. கல்யாணமான புதிதில் என் மனைவி ஒரு தடவை தெரியாத்தனமாக ஈரப் போர்வையை என் ஆன்டெனாக் கம்பியில் போட்டுவிட்டாள். கடல் தாண்டிப் போக வேண்டிய என் குரல் அன்றைக்குப் பக்கத்துத் தெருவைக்கூடத் தாண்டவில்லை. நான் ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லவில்லை. போர்வையை எடுத்து மடித்து அவள் கையில் கொடுத்துவிட்டு, கடைக்குப் போய் ஒரு பூட்டு வாங்கிவந்து மாடிக் கதவுக்குப் போட்டேன். சாவி இன்றுவரை என்னிடம்தான் இருக்கிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் ஆத்திரக்காரன் இல்லை என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். விசாரணைக்கு வந்ததிலிருந்து ‘என்ன பகை, என்ன பகை’ என்று துளைத்து எடுக்கிறீர்கள். பகை ஒன்றும் இல்லை. வாயைத் திறக்காதீர்கள் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். பாவம், அவர் பிழைப்பு அது. எனக்கு மறைக்க ஒன்றும் கிடையாது. நான் என் போக்கில் சொல்கிறேன். நீங்கள் மட்டும் குறுக்கே பேசாமல் கேளுங்கள். ஒருவர் முடித்த பிறகுதான் அடுத்தவர் பேச வேண்டும் என்பது எங்கள் பொழுதுபோக்கில் முதல் பாடம்.

தொழிலுக்கு நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். உங்கள் கண்ணாடியில் இடது பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, முடிந்தால் சரி பண்ணித் தருகிறேன். கடையை மூடியபின் என் நேரமெல்லாம் ரேடியோவுக்குத்தான். ஹாம் ரேடியோ என்றால் ஏதோ பாட்டுக் கேட்கிற சமாசாரம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. நாங்கள் பரீட்சை எழுதி, உரிமம் வாங்கி, ஆளுக்கொரு அடையாளமாக அழைப்புக்குறி பெற்றுப் பேசுகிறவர்கள். பழைய தண்ணீர்க் குழாயில் ஆன்டெனா செய்வோம், பிஸ்கட் டப்பாவுக்குள் கருவி கட்டுவோம், புகைய விடுவோம், மறுபடி கட்டுவோம். காலணா வருமானம் கிடையாது. ஆனால் புயல் அடித்து டெலிபோன் எல்லாம் படுத்துவிட்டால், பெரிய பெரிய அதிகாரிகள் எங்கள் வாசலில் வந்து நிற்பார்கள்.

முந்தைய வெள்ளத்தில் அப்படித்தான் வந்தார்கள். அன்றைக்கு ஊரிலிருந்த ரேடியோக்காரர்கள் எல்லோரையும் ஒரே அலைவரிசையில் கட்டி மேய்த்தவன் நான். அதற்குக் கன்ட்ரோல் என்று பெயர். கன்ட்ரோல் கூப்பிட்டால்தான் ஒருவர் பேசலாம். ஒரு தகவலை, ‘அது என் கையில் இருக்கிறது’ என்று கன்ட்ரோல் சொல்லிவிட்டால், அதன்பிறகு வேறு யாரும் அதைத் தொடக் கூடாது. கேள்வி கேட்கக் கூடாது, தானாக உதவப் போகக் கூடாது. ஏன் தெரியுமா? ஒரே ஆளைக் காப்பாற்ற மூன்று பேர் ஓடினால் மற்ற இரண்டு பேர் செத்துப்போவார்கள். கல் நெஞ்சு என்று தோன்றலாம். ஆனால் இந்த விதியால் பிழைத்தவர்கள் இந்த ஊரில் இன்னும் நடமாடிக்கொண்டிருக்கிறார்கள். என் கடைக்கும் வருவார்கள், தள்ளுபடி கேட்பார்கள்.

இனி என் மச்சினன். மனைவிக்குத் தம்பி. இரண்டு தெரு தள்ளி மருந்துக்கடை வைத்திருந்தான். தங்கமான பையன் என்று ஊரே சொல்லும், நானும் சொல்கிறேன். சிரித்த முகம், ஓயாத வாய். ராத்திரி யாராவது காய்ச்சல் என்று வந்தால் கடையைத் திறந்து மருந்து கொடுத்துவிட்டு, கூடவே ஒரு மணி நேரம் கதை பேசி அனுப்புவான். என்னைப் பார்த்துத்தான் அவனுக்கும் ரேடியோ ஆசை வந்தது. வந்தவன் சும்மா இருந்திருக்கலாம். மலைமேல் ஒரு ரிப்பீட்டர் வைத்தான்.

ரிப்பீட்டர் என்பது ஒரு பெட்டி. தாழ்வான இடத்திலிருந்து வருகிற மெல்லிய பேச்சை வாங்கி, உயரத்திலிருந்து உரத்துத் திருப்பி அனுப்பும். அது வருவதற்கு முன்னால் இந்த ஊரில் ஒரு கோடியில் இருப்பவன் மறு கோடிக்குப் பேச வேண்டுமென்றால், நடுவில் என்னிடம் சொல்லி, நான் வாங்கிச் சொல்ல வேண்டும். என் ஆன்டெனா அவ்வளவு உயரம். அதைக் கட்ட நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ரிப்பீட்டர் வந்த பிறகு சட்டைப்பையில் வைக்கிற கைக்கருவியை வைத்துக்கொண்டு எவன் வேண்டுமானாலும் எவனோடு வேண்டுமானாலும் பேசினான். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று பேசினார்கள். பல்வலிக்கு மருந்து கேட்டார்கள், என் மச்சினன் சொன்னான். எங்கள் ரேடியோ சங்கமே அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது.

அடுத்த கூட்டத்தில், கன்ட்ரோல் பொறுப்பை இனி ஆளுக்கு ஒரு மாதம் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளலாமே என்று ஒருவர் எழுந்து சொன்னார். எல்லோரும் கை தூக்கினார்கள். என் மச்சினன் மட்டும் தூக்கவில்லை. ‘அத்தான் இருக்கும்போது வேற யாரு’ என்றான். எனக்கு அதுதான் அதிகம் வலித்தது. எனக்காகப் பரிந்து பேசுகிற நிலைமையில் நான் இருந்தேன் பாருங்கள். வீட்டுக்கு வந்து சொன்னால் மனைவி, “நல்லதுதானே, உங்களுக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்” என்கிறாள். அக்காவும் தம்பியும் ஒரே அச்சு.

ரிப்பீட்டரை யாராவது ஒருவரால் தூரத்திலிருந்தே நிறுத்த முடிய வேண்டும் என்பது விதி. அது கோளாறாகி இடைவிடாமல் இரைய ஆரம்பித்தால் யாரும் எதுவும் பேச முடியாதல்லவா. அதற்கென்று தனி அலைவரிசையில், கருவியின் எண் பட்டன்களை ஒரு வரிசையில் அழுத்தினால் அது அடங்கிவிடும். இன்னொரு வரிசையில் அழுத்தினால் எழுந்துகொள்ளும். அந்த எண்கள் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒன்று அவன், இன்னொன்று நான். கேட்டு வாங்கவில்லை, அவனே வீட்டுக்கு வந்து சொன்னான். நான் மூன்று தடவை திருப்பிச் சொல்லி மனப்பாடம் செய்தேன். அந்தத் தனி அலைவரிசையில் அனுப்புகிற செட் என்னிடம் மட்டும்தான் இருந்தது, அவன் கைக்கருவியில் அது கிடையாது.

இப்போது புயல் நாளுக்கு வருகிறேன்.

காலையிலேயே செல்போன் கோபுரங்கள் படுத்துவிட்டன. ஆற்றங்கரைத் தெருக்களில் இடுப்பளவு தண்ணீர். மீட்புப் படை அலுவலகத்தில் எங்கள் சங்கத்து டீச்சர் ஒரு ரேடியோ செட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் கணக்கு டீச்சர், சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர், எனக்கு மிகவும் பிடித்த ஆள். ரிப்பீட்டர் அலைவரிசையைப் போட்டுப் பார்த்தேன். சந்தைக்கடைதான். ஒருவன் தன் வீட்டுச் சுவர் விழுந்ததைச் சொல்கிறான், இன்னொருவன் அதற்கு ஆறுதல் சொல்கிறான், மூன்றாமவன் பேட்டரி எங்கே கிடைக்கும் என்கிறான். நடுவில் ஒரு பெண் டயாலிசிஸ் நோயாளியைப் பற்றிச் சொல்ல வந்து, இடம் கிடைக்காமல் வந்து வந்து போகிறாள். அந்த மாதக் கன்ட்ரோலுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நான் ரிப்பீட்டரை நிறுத்தினேன். ஆமாம், நான்தான். அதை நீங்கள் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொள்ள வேண்டாம், நானே சொல்கிறேன். பட்டன்களை அழுத்தினேன், அமைதியானது. எல்லோரும் இடி விழுந்துவிட்டது என்று நினைத்தார்கள். ஒவ்வொருவராக, ரிப்பீட்டர் தேவைப்படாத பழைய நேரடி அலைவரிசைக்கு வந்தார்கள். அங்கே நான் இருந்தேன். ‘கன்ட்ரோல் பேசுகிறேன். நான் கூப்பிடுகிறவர்கள் மட்டும் பேசுங்கள்’ என்றேன். எத்தனை காலம் கழித்து அதைச் சொன்னேன் தெரியுமா? ஒருத்தர்கூட மறுபேச்சுப் பேசவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். அந்த டயாலிசிஸ் நோயாளியை நான்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அணையைத் திறக்கப்போகிற செய்தியைக் கரையோரத்துக்கு நான்தான் சொன்னேன். பள்ளிக்கூட மாடியில் நின்றவர்களுக்குப் படகு போனது என்னால். ஒழுங்கு என்றால் என்ன என்று அன்றைக்கு அவர்கள் பார்த்தார்கள். இதை உங்கள் குறிப்பில் எங்காவது ஓரமாகவாவது போடுவீர்களா என்று தெரியவில்லை. போட மாட்டீர்கள்.

மச்சினனுக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. தன் பெட்டி பழுதாகிவிட்டது என்று அவனுக்கு ஒரே தவிப்பு. முற்பகலில் மழைக்கோட்டோடு என் வாசலில் வந்து நின்றான். மலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றான்.

“இந்த மழையில போகணுமா? அறிவிருக்காடா உனக்கு?” என்று மனைவி பிடித்துக்கொண்டாள்.

“ஃபியூஸ்தான் போயிருக்கும்க்கா. போட்டுட்டு ஓடி வந்துடுறேன். அத்தான் ஒருத்தரே எவ்வளவு நேரம் கத்திக்கிட்டு இருப்பாரு?”

அந்தப் பெட்டியில் ஒரு பழுதும் இல்லை. அதை நான் அங்கேயே சொல்லியிருக்கலாம் என்பீர்கள். சொல்லியிருந்தால், யார் நிறுத்தியது என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிற நேரமா அது? ஊர் மூழ்கிக்கொண்டிருக்கிறது. “உன் இஷ்டம்” என்றேன். மின்சாரம் வருகிறதா என்று பார்க்க மீட்டர் வேண்டும் என்று கேட்டான். என்னிடம் இரண்டு மீட்டர் உண்டு. நல்லதைத்தான் எடுத்துக் கொடுத்தேன். வன்மம் இருக்கிறவன் நல்ல மீட்டரைக் கொடுப்பானா? யோசித்துப் பாருங்கள்.

மதியம் தாண்டியிருக்கும். செட்டில் ஒரு மெல்லிய குரல். மழை இரைச்சலுக்கு அடியில் யாரோ முனகுகிற மாதிரி. என் ஆன்டெனாவை மலைப்பக்கம் திருப்பினேன். அவன்தான். பாதை சரிந்து, மேலே போய்ச் சேருவதற்குக் கொஞ்சம் முன்னால் பக்கத்துப் பள்ளத்தில் விழுந்திருக்கிறான். காலின் மேல் பாறை. மலையின் மறுபக்கம் என்பதால் ஊருக்குள் யாருக்கும் அவன் குரல் எட்டவில்லை. எனக்கு எட்டியது, அது என் ஆன்டெனாவின் பெருமை. அப்புறம் மீட்புப் படை அலுவலக மாடியில் இருந்த டீச்சருக்கு அரைகுறையாகக் கேட்டிருக்கிறது.

“கன்ட்ரோல், யாரோ ரொம்ப மெல்லிசா கூப்பிடுறாங்க. மருந்துக்கடைக்காரர் குரல் மாதிரி இருக்கு. இங்க ஆபீசர்கிட்ட சொல்லட்டுமா சார்?”

“வேண்டாம். அது என் கையில இருக்கு.”

“சரிங்க கன்ட்ரோல்.”

அவ்வளவுதான். அந்தம்மா அதன்பிறகு கேட்கவில்லை. இப்போது அழுது அழுது முகம் வீங்கிக் கிடக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அவரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. விதிப்படி நடந்தார். எங்கள் சங்கத்தில் அவரை மிஞ்சிய ஆள் கிடையாது.

மச்சினனுக்கும் பதில் சொன்னேன். தகவல் கிடைத்தது, ஏற்பாடு நடக்கிறது, பேட்டரியை மிச்சம் பிடி, செட்டை அணைத்துவிட்டு அவ்வப்போது மட்டும் போட்டுப் பார் என்றேன். ஆபத்தில் இருக்கிறவனுக்கு இப்படித்தான் சொல்ல வேண்டும். ‘சரிங்க அத்தான்’ என்றான். அலைவரிசையில் உறவுமுறை சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். அந்த நேரத்தில் போய்த் திருத்தவில்லை, விட்டுவிட்டேன்.

ஏற்பாடு ஒன்றும் நடக்கவில்லை. நீங்கள் நிமிர்ந்து உட்கார வேண்டாம், சொல்லத்தானே வந்தேன். மலைக்குப் போகக்கூடிய வண்டி ஒன்றுதான் இருந்தது, அது அப்போது முதியோர் இல்லத்துக்குப் போயிருந்தது. படுக்கையில் கிடக்கிற கிழவர்கள் முக்கியமா, கால் மாட்டிக்கொண்ட வாலிபன் முக்கியமா? கன்ட்ரோலாக நான் ஒரு முடிவு எடுத்தேன். முன்னுரிமை என்று அதற்குப் பெயர். யாராவது ஒருவர் அந்த முடிவை எடுக்கத்தான் வேண்டும், எடுத்தவனைப் பிறகு எல்லோரும் காறித் துப்பத்தான் செய்வார்கள்.

வண்டி சீக்கிரமே திரும்பிவிட்டது என்கிறீர்கள். உண்மைதான். சாயங்காலம் வரை அது டீச்சர் இருந்த கட்டடத்தின் வாசலிலேயே நின்றது, ஆட்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ‘வண்டி சும்மாதான் நிக்குது, வேற எங்கயாவது தேவையா’ என்று டீச்சரே என்னிடம் கேட்டார். இப்போதைக்குத் தேவையில்லை என்றேன்.

அதைவிட லேசான வழியும் இருந்தது. நீங்கள் இன்னும் அதைக் கேட்கவில்லை, உங்களுக்கு ரேடியோ தெரியாது. அவன் கிடந்த இடத்துக்கு நேர் மேலே கூப்பிடு தூரத்தில் ரிப்பீட்டர். நான் பட்டன்களை அழுத்தி அதை எழுப்பியிருந்தால், அவன் முனகினால்கூட ஊர் முழுக்க கணீரென்று கேட்டிருக்கும். நான் யாரிடமும் எதையும் சொல்லவே வேண்டாம். எண்கள் மனப்பாடம். இரண்டு விநாடி வேலை. ஆனால் அது எழுந்தால், அது கெடவே இல்லை என்று அவனுக்கு அந்த நிமிடமே தெரிந்துவிடும். எண் தெரிந்த இன்னொரு ஆள் யார் என்றும் தெரிந்துவிடும். படுத்துக்கொண்டே அத்தனை பேர் காதிலும் போட்டிருப்பான். இல்லை, போட்டிருக்க மாட்டான். எனக்காகப் பரிந்து பேசியிருப்பான். அத்தான் ஏதோ நல்லதுக்குத்தான் செய்திருப்பார் என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லியிருப்பான். அதை என்னால் தாங்கிக்கொள்ள முடியாது.

இடையிடையே செட்டைப் போட்டுக் கேட்டான். “ஆள் கிளம்பிட்டாங்களா அத்தான்?” கிளம்பிவிட்டார்கள் என்றேன். இன்னொரு தடவை கேட்டபோது பாதி வழி வந்துவிட்டார்கள் என்றேன். ஊர்க்காரர்கள் காதிலும் அது விழுந்தது. கன்ட்ரோல் எல்லாவற்றையும் எவ்வளவு நிதானமாகக் கவனித்துக்கொள்கிறார் என்று பேசிக்கொண்டார்களாம். மனைவி தட்டில் சாப்பாட்டோடு அறை வாசலுக்கு வந்தாள். என் காதில் ஹெட்போன் இருந்ததால் அவன் பேசியது எதுவும் அவளுக்குக் கேட்கவில்லை.

“தம்பி சாப்பிட்டானான்னு கேட்டீங்களா?”

“வேலையா இருக்கான். வந்து சாப்பிடுவான்.”

“அவனுக்கு எடுத்து வெச்சிருக்கேன்னு சொல்லுங்க.”

சொன்னேன். அதைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை. அவன் சிரித்த மாதிரி இருந்தது, இருமலாகவும் இருக்கலாம்.

சாயங்காலம் மழை விட்டது. அவனிடமிருந்து சத்தம் நின்றுபோயிருந்தது. இனித் தேடுதல் வேலை என்று முடிவுசெய்தேன். மலையின் அந்தப் பக்கத்தில் தேட வேண்டுமென்றால், போகிற ஆட்களுக்குக் கைக்கருவி போதாது, ரிப்பீட்டர் வேண்டும். ஆகவே எழுப்பினேன். எழுந்தவுடன் அது தன் அழைப்புக்குறியை மோர்ஸ் என்கிற தந்தி ஒலியில் தானாகச் சொல்லும், அப்படித்தான் எல்லா ரிப்பீட்டரும் செய்யும். ஊரில் அத்தனை செட்டிலும் கேட்டது. ஆட்கள் இன்னும் மலையடிவாரத்தைக்கூடத் தொடவில்லை. டீச்சர்தான் கேட்டார். “சார், மேல யாரும் போகவே இல்லையே. அது எப்படித் தானா சரியாச்சு?” கணக்கு டீச்சர் அல்லவா. அலைவரிசையில் யாருமே பேசவில்லை. அந்த மாதிரி ஓர் அமைதியை இத்தனை வருஷத்தில் நான் கேட்டதில்லை.

ஆனாலும் தேடுதலை நடத்தி முடித்தவன் நான்தான். அவன் கிடக்கிற இடம் எனக்கு மட்டும்தானே தெரியும். ரேடியோவில் வழி சொல்லி ஆட்களை நேராகக் கொண்டுபோய் நிறுத்தினேன். என் மீட்டரும் உடையாமல் கிடைத்தது. உங்கள் ஆட்கள் எடுத்து வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்தால் நன்றாக இருக்கும்.

என் மனைவி என்னோடு பேசுவதில்லை. மாடிக் கதவுப் பூட்டை உடைத்து, என் ஆன்டெனாக் கம்பிகளை ஆள் வைத்து வெட்டிப் போட்டுவிட்டாளாம். தம்பியைப் பறிகொடுத்தவள், அவள் செய்வதைச் செய்யட்டும். சங்கத்தில் என் பெயரை நீக்கிவிட்டார்கள். நீக்கட்டும். அடுத்த புயலில் எல்லோரும் ஒரே நேரத்தில் வாயைத் திறப்பார்கள், அப்போது தெரியும் என் அருமை. நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. அன்றைக்கு என் குரலைக் கேட்டுப் பிழைத்தவர்களை ஒரு பக்கம் வையுங்கள், அவனை ஒரு பக்கம் வையுங்கள். எந்தத் தராசில் வேண்டுமானாலும் நிறுத்துப் பாருங்கள்.

கடைசியாக அவன் என்ன சொன்னான் என்றுதானே கேட்டீர்கள். அதை நான் யாருக்கும் சொல்லவில்லை, மனைவிக்குக்கூட. மழை விடுவதற்குச் சற்று முன்னால் ஒரு தடவை செட்டைப் போட்டான். ஆள் வந்தாச்சா என்று கேட்கவில்லை. “அத்தான், ரிப்பீட்டரைச் சரி பண்ண முடியாமப் போச்சு. எல்லாரும் கஷ்டப்படுறாங்க, நீங்க ஒருத்தரே கிடந்து அல்லாடுறீங்க. என்னை மன்னிச்சுக்குங்க” என்றான். குரல் மிகவும் மெல்லியதாக இருந்தாலும் ஒவ்வொரு வார்த்தையும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

பரவாயில்லை, மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன். வாய் வார்த்தைக்குச் சொல்லவில்லை, மனதார மன்னித்தேன். அவன் மேல் எனக்கு இப்போது எந்தக் கோபமும் இல்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.